பேமானி, பூமர்

அன்புள்ள ஐயா,

தாம்பரம் பக்கம் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறேன். ரிஸ் (வசீகரம்), நோ கேப் (பொய்யில்லை), டெலுலு (வீண் கற்பனையில் இருப்பது), பிரெயின் ராட் (மூளை மழுங்கல்) என்று மாணவர்கள் தினம் ஒரு சொல்லோடு வருகிறார்கள். இரண்டு வருடமாகச் சொல்லையும் பொருளையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். இவற்றில் எது நிலைக்கும்? அகராதியில் ஏற எத்தனை வருடமாகும்? ஆங்கிலம் சீரழிகிறது என்று எனக்குத் தோன்றுவது சரிதானா? போன வாரம் ஒரு மாணவி என்னையே ‘பூமர்’ என்றாள். தேடிப் பார்த்தால் 1946 முதல் 1964 வரை பிறந்தவர்கள் என்று போட்டிருக்கிறது. நான் பிறந்தது 1981.

க.

அன்புள்ள க.,

சீரழிவுப் பேச்சை முதலில் விடுங்கள். ஆங்கிலம் நடத்துகிற நீங்கள் இப்படி எழுதலாமா? கும்பலைக் குறிக்கும் ‘மாப்’ என்ற சொல் பரவாமல் தடுக்கப் பல வருடமாகப் பாடுபட்டு வருவதாக 1710இல் எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட் எழுதினார். ‘மொபிலே வல்கஸ்’ என்ற லத்தீன் தொடரை வெட்டிச் சுருக்கிய சொல் அது. இன்று பத்திரிகைத் தலையங்கத்தில் வருகிறது, யாரும் முகம் சுளிப்பதில்லை. ‘கரிஸ்மா’வின் நடுத்துண்டை எடுத்து ‘ரிஸ்’ என்பதும் அதே கத்தரிக்கோல் வேலைதான். ‘இன்ஃப்ளூயன்சா’வின் நடுவிலிருந்துதான் ‘ஃப்ளூ’வும் வந்தது. புதுசு என்று நீங்கள் எழுதியிருக்கும் ‘பிரெயின் ராட்’டை 1854லேயே அமெரிக்க எழுத்தாளர் தோரோ எழுதிவிட்டார்.

எது நிலைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. 1839 வாக்கில் பாஸ்டன் பத்திரிகைக்காரர்கள் வேண்டுமென்றே எழுத்துப்பிழையோடு சுருக்கங்கள் போட்டு விளையாடினார்கள். அதில் ‘ஓகே’ பிழைத்தது, கூடப் பிறந்தவை எல்லாம் செத்தன. சரி, அது போகட்டும்.

என்னை உறுத்துவது உங்கள் நோட்டு. சொல், பொருள், அவ்வளவுதானா? யார் சொன்னது, என்றைக்கு, எந்த வாக்கியத்தில்? ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காக 1879இல் அதன் ஆசிரியர் ஜேம்ஸ் மர்ரே பொதுமக்களிடம் உதவி கேட்டபோது, பொருள் எழுதி அனுப்பச் சொல்லவில்லை. ஒரு துண்டுச் சீட்டில் சொல், அது வந்த வாக்கியம், எழுதியவர், புத்தகம், ஆண்டு, பக்கம். இவ்வளவுதான் கேட்டார். லட்சக்கணக்கில் வந்த சீட்டுகளை அடுக்கி வைத்துப் பார்த்த பிறகுதான் பொருள் எழுதினார்கள். 1884இல் முதல் பகுதி வந்தது, முடிய 1928 ஆயிற்று. அத்தனை வருடம் பிடித்ததற்கு இந்தச் சீட்டுகள் முக்கியமான காரணம். இன்றும் அந்த அகராதியில் ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே ஆண்டு போட்டு வாக்கியங்கள் நிற்கின்றன. பொருளைப் பிறகு யார் வேண்டுமானாலும் கண்டுபிடிக்கலாம். வாக்கியம் போனால் போனதுதான்.

எனக்கு இது பட்டுத் தெரிந்தது. 1986 வாக்கில் சிந்தாதிரிப்பேட்டையில் குடியிருந்தபோது மெட்ராஸ் பாஷைக்கு நானும் ஒரு நோட்டு போட்டேன். முக்கால்வாசி எங்கள் தெருமுனை ரிக்‌ஷாக்காரரிடமிருந்து அள்ளியது. நாஷ்டா, காலைச் சாப்பாடு. துட்டு, காசு. பேமானி, வசை, உருதுவிலிருந்து வந்தது, ஈமான், அதாவது நம்பிக்கை, இல்லாதவன். ஆனால் என் காதில் இன்னும் இருப்பது வேறு. சாயங்காலம் வண்டியை ஓரங்கட்டி, சீட்டில் பேத்தியை உட்கார வைத்து, பொறையை டீயில் நனைத்து ஊட்டுவார். அவள் உதட்டை இறுக்கிக்கொண்டு முகத்தைத் திருப்புவாள். டீ அவர் முழங்கை வரை வழியும். “யெம்மா, துன்னுடி பேமானி” என்பார். அந்தக் குரலில் எங்கே இருக்கிறது வசை? கெஞ்சல்தான் இருந்தது. என் நோட்டில் அந்த வாக்கியம் இல்லை. பேத்தி இல்லை, தேதி இல்லை. இது ஒன்று தற்செயலாக நினைவில் தங்கியது. மற்றதெல்லாம் போயிற்று. ‘டபாய்த்தல், ஏமாற்றுதல்’ என்று ஒரு வரி இருக்கிறது. யாரை, எதற்கு, கோபத்தில் சொன்னாரா சிரித்துக்கொண்டா? கேட்க அவர் இல்லை. நோட்டைத் திறந்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பூமருக்காக மனம் நோகாதீர்கள். போருக்குப் பின் அமெரிக்காவில் குழந்தைகள் ஏராளமாகப் பிறந்த காலத்துக்கு வைத்த பெயர் அது. 2019இல் ‘ஓகே பூமர்’ பரவியபோது அங்கேயே பிறந்த வருடம் தளர ஆரம்பித்துவிட்டது. நம் பிள்ளைகள் ‘அங்கிள்’ சேர்த்துப் ‘பூமர் அங்கிள்’ ஆக்கினார்கள். இப்போது இருபத்தைந்து வயதுப் பையன் அட்வைஸ் பண்ணினாலும் பூமர்தான். வயது கழன்று விழுந்து புத்திமதி மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் பெண் உங்களிடம் பேசியது தமிழ்ச் சொல். அதை ஆங்கில அகராதியில் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

இதை நீங்கள்தான் எழுத முடியும், அந்த வகுப்பில் நான் இல்லை. அவள் வாயில் வந்த முழு வாக்கியம் என்ன? ‘பூமர்’ என்றாளா, ‘பூமர் மேம்’ என்றாளா? அதற்கு முன்னால் நீங்கள் என்ன சொல்லிக்கொண்டிருந்தீர்கள்? மற்ற பிள்ளைகள் சிரித்தார்களா? ஒரு வாரம்தான் ஆகிறது, இன்னும் மறந்திருக்காது. தேதி போட்டு இன்றைக்கே எழுதி, எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.