இனநீதிக்கும் பாலினச் சமத்துவத்துக்கும் பெண்கள் ஏன் ஒருசேரக் குரல் கொடுக்கிறார்கள்?

இனப் பாகுபாடும் பாலினப் பாகுபாடும் ஒரே மனிதர் மீது ஒன்றாக இறங்கும்போது, இரண்டையும் தனித்தனியே பார்த்தால் தெரியாத புதியதோர் அநீதி உருவாகிறது என்பதை விளக்கும் சொல்லே 'இன்டர்செக்‌ஷனாலிட்டி'. சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989இல் இச்சொல்லை முன்வைத்தார்.

அவர் எடுத்துக்காட்டிய வழக்கு மனத்தை உறுத்துவது. 1964க்கு முன் கறுப்பினப் பெண்களை வேலைக்கே எடுக்காதிருந்த அமெரிக்க கார் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் பணிமூப்பின்படி ஆட்குறைப்பு செய்தபோது, 1970க்குப் பின் வேலையில் சேர்ந்திருந்த கறுப்பினப் பெண்கள் அனைவரும் வேலை இழந்தனர். அவர்களில் ஐவர் வழக்குத் தொடுத்தனர். பெண்களை (அவர்கள் வெள்ளையினத்தவர்) நிறுவனம் முன்பே சேர்த்திருப்பதால் பாலினப் பாகுபாடு இல்லை என்றும், இனப் பாகுபாட்டுப் புகாரை வேறொரு வழக்கோடு இணைத்துக்கொள்ளலாம் என்றும், இரண்டையும் கலந்து புதுவகை வழக்காக்க முடியாது என்றும் 1976இல் நீதிமன்றம் கூறிவிட்டது.

தெருவில் இரண்டு விளக்குகள் நன்றாகவே எரிகின்றன. ஆனால் இரண்டின் வெளிச்சமும் எட்டாத இடைவெளியில் ஒருவர் நிற்கிறார். அந்தப் பெண்களின் நிலை அதுதான்.

இயக்கங்களுக்குள்ளும் இந்த இருட்டு இருந்தது. 1913இல் வாஷிங்டனில் நடந்த பெண்கள் வாக்குரிமைப் பேரணியில், கறுப்பினப் பத்திரிகையாளரான ஐடா பி. வெல்ஸைப் பின்வரிசைக்குப் போகச் சொன்னார்கள். அவரோ கூட்டத்திலிருந்து வெளிப்பட்டு, தம் இல்லினாய் மாநிலக் குழுவோடு சேர்ந்தே நடந்தார்.

யாருடைய துன்பம் பெரியது என்று தரவரிசைப்படுத்துவதே இக்கருத்து எனப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில், யாருடைய முறையீடு எந்தச் சட்டத்திலும் அகப்படாமல் நழுவுகிறது என்பதையே இது கேட்கிறது.