பாயிண்ட் மாறும்போது எட்டு ரிலேயும் ஏன் துள்ளுகின்றன?

கோவை வாசகர் ஒருவரின் கேள்வி இது: "மொட்டைமாடி அறையில் எச்.ஓ. அளவில் (நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு) மாதிரி ரயில் பாதை அமைத்திருக்கிறேன். சென்சார் ரயிலைக் கண்டதும் ஆர்டுயினோ (புரோகிராம் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகை) வழியாக ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) பாயிண்டை, அதாவது பாதை பிரியும் இடத்துத் தண்டவாளத்தை, மாற்றுகிறது. ஆனால் அந்த நொடியில் எட்டு ரிலேயும் சடசடவென்று அடித்து, நின்றிருந்த ரயிலும் கிளம்பிவிடுகிறது. சென்சாரை மாற்றச் சொன்னார் கடைக்காரர். மூன்று முறை மாற்றிவிட்டேன். இனி என்ன செய்வது?"

நான்காவது சென்சார் வாங்காதீர்கள். சென்சார் மேல் பழி இல்லை. ஆர்டுயினோ பலகையில் 'எல்' என்று பொறித்த சிறு விளக்கைப் பார்த்துக்கொண்டே பாயிண்டை மாற்றுங்கள். அது படபடவென்று சிமிட்டினால் பலகை நின்று மறுபடி தொடங்குகிறது என்று பொருள். உங்கள் தொல்லை முழுவதும் அதுதான்.

ஏன் நிற்கிறது? பாயிண்டை இழுப்பது ஒரு காந்தச் சுருள். மின்சாரத்தைத் துண்டித்ததும் சுருள் சும்மா அடங்காது. எதிர்த்திசையில் ஓங்கி உதைக்கும், அதில் பலகை தடுமாறி நிற்கும். அந்த உதையைச் சுருளுக்குள்ளேயே சுற்றவிட்டு அடக்க, மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டயோடு ஒன்று போதும். ஓரிரு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒன் என் 4007 வகையை வாங்கி, வெள்ளைக் கோடுள்ள முனை பிளஸ் பக்கம் இருக்கும்படி ஒவ்வொரு சுருளின் குறுக்கேயும் வையுங்கள். பாயிண்ட் ஒன்றுக்கு இரண்டு சுருள். ஆக இரண்டு டயோடு.

இங்கே ஒரு விலக்கு உண்டு. இதில் கை சுட்டுக்கொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், அதனால் நிறுத்தியே சொல்கிறேன். உங்கள் பாயிண்டுகள் பழைய டிரான்ஸ்ஃபார்மரின் 16 வோல்ட் ஏ.சி.யில் ஓடினால் டயோடு வைக்கவே கூடாது. ஏ.சி.யில் பிளஸ், மைனஸ் நொடிக்கு நூறு முறை இடம் மாறும். பாதி நேரம் டயோடு நேரே ஷார்ட்டாகிப் புகையும். தண்டவாளத்துக்குப் போகும் ஒயரிலும் அப்படியே: அது டி.சி.தான், ஆனால் ரயிலைப் பின்னோக்கி ஓட்டத் திசையை மாற்றுகிறீர்களே, மாற்றிய கணமே ஷார்ட். ஆகவே டயோடு டி.சி.யில் ஓடும் பாயிண்ட் சுருளுக்கு மட்டும். ஏ.சி.யா டி.சி.யா என்று தெரியாவிட்டால் டிரான்ஸ்ஃபார்மரின் அடியில் ஒட்டியுள்ள சீட்டைப் படியுங்கள்.

அடுத்தது மின்சாரப் பங்கீடு. உங்கள் ரிலே பலகையின் ஒவ்வொரு ரிலேயும் சுமார் 70 மில்லி ஆம்பியர் இழுக்கும். எட்டும் சேர்ந்தால் அரை ஆம்பியருக்கு மேல். அதை ஆர்டுயினோவின் 5 வோல்ட் முனையிலிருந்து எடுத்தால் அது மூச்சுத் திணறத்தான் செய்யும். ரிலே பலகையின் ஓரத்தில் 'ஜே.டி. வி.சி.சி.' என்ற முனையில் ஒரு சிறு தொப்பி செருகியிருக்கும். அதைக் கழற்றிவிட்டு அந்த முனைக்கும் பக்கத்துக் கிரவுண்டுக்கும் (மைனஸ் முனை) தனி 5 வோல்ட் அடாப்டர் கொடுங்கள். ஆர்டுயினோவிலிருந்து வி.சி.சி.க்கும் (5 வோல்ட் முனை) உள்ளீட்டு முனைகளுக்கும் மட்டும் ஒயர் வரட்டும். ஆர்டுயினோவின் கிரவுண்டு ரிலே பலகைக்குப் போகவேண்டாம்.

இதைச் சொல்லித்தராமல்தான் 'ஆட்டோமேஷன் கிட்' என்று ஒரு பெட்டியை விற்கிறார்கள். உள்ளே இதே பலகைகள், பூட்டிய புரோகிராம். ஒயரிங் படம் இருக்காது. கேட்டால் 'அடுத்த மாடல் வாங்குங்கள்' என்பார்கள். இறுதியாண்டு மாணவர்களுக்கு புராஜெக்ட் விற்கும் கடைகளிலும் இதே சரக்குதான். டயோடைத் தொட்டே பார்க்காமல் பட்டம் வாங்கும் ஊரில் அவர்களுக்கு வியாபாரம் படுக்கவா போகிறது! ரிலேயின் மேல் '10 ஆம்பியர், 250 வோல்ட்' என்று அச்சிட்டிருப்பதை நம்பி வீட்டு மின்சாரத்தை இந்தப் பலகைக்குள் இழுத்துவிடாதீர்கள். குழந்தைகள் கைவைக்கும் மேஜை அது.

ரயில் ஏன் கிளம்புகிறது? இந்த வகை ரிலே பலகை தலைகீழ் வழக்கம் கொண்டது. ஆர்டுயினோவிலிருந்து 'லோ' (0 வோல்ட்) வந்தால்தான் ரிலே இயங்கும்; 'ஹை' (5 வோல்ட்) வந்தால் ஓய்வில் இருக்கும். புரோகிராம் தொடங்கியதும் முனையை 'அவுட்புட்' என்று அறிவித்தால் அது முதலில் 'லோ'வில் நிற்கும், எட்டு ரிலேயும் இயங்கிவிடும். தண்டவாளத்துக்கு மின்சாரம் விடும் ரிலேயும் அதில் ஒன்று, ஆகவே ரயில் கிளம்பும். பாயிண்டின் இரு சுருளிலும் சேர்ந்து மின்சாரம் பாய்ந்து மின்னழுத்தம் இன்னும் சரியும். மருந்து எளிது: முதல் வரியில் முனையை 'ஹை' ஆக்குங்கள், அடுத்த வரியில் 'அவுட்புட்' என்று அறிவியுங்கள். வரிசை மாறக் கூடாது.

தண்டவாள ஒயரை ரிலேயின் 'என்.சி.' முனைக்கு (ரிலே ஓய்வில் இருக்கும்போது இணைந்திருப்பது) மாற்றினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நிஜ ரயில்வேயில் சிக்னல் ரிலே மின்சாரம் போனால் தன் எடையாலேயே விழும், விழுந்தால் சிவப்பு. உங்கள் மேஜையிலும் ரிலே விழுந்தால் ரயில் நிற்கவேண்டும். ரிலே இயங்கும்போது மட்டும் இணையும் 'என்.ஓ.' முனையே சரி.

மாற்றி எடுத்து வைத்த மூன்று சென்சார்களையும் எறிந்துவிடாதீர்கள். அடுத்த நடைமேடைக்கு ஆகும். வெயில் நேரே விழாத இடமாகப் பார்த்துப் பொருத்துங்கள்.