உர இயந்திரம் வாங்கினால் எல்லோரும் குப்பையைப் பிரித்துவிடுவார்களா?

கேள்வி: அறுபது வீடுகள் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறேன். என் வீட்டுக் குப்பையைப் பிரித்து, பால்கனியில் தொட்டி வைத்து உரமாக்குகிறேன். மற்றவர்களும் செய்யட்டும் என்று வாட்ஸாப் குழுவில் எழுதினேன். "அறுபது வீட்டில் ஒரு வீடுதான் பிரிக்கிறது, வெட்கமாக இல்லையா?" என்று லிஃப்டில் நோட்டீஸ் ஒட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. இப்போது சங்கச் செயலாளர், 24 மணி நேரத்தில் உரமாக்கும் இயந்திரம் வாங்கிவிடலாம் என்கிறார். விற்பனையாளர் வந்து செய்தும் காட்டிவிட்டார். அடுத்த மாதக் கூட்டத்தில் ஓட்டெடுப்பு. ஆதரிக்கலாமா? இல்லையென்றால் மற்றவர்களை எப்படி வழிக்குக் கொண்டுவருவது?

பதில்: ஆதரிக்காதீர்கள். முதலில் அந்த இயந்திரத்தைப் பார்த்துவிடுவோம்.

அதன் வயிற்றுக்குள் இருப்பது ஒரு ஹீட்டரும் சுழலும் பிளேடும்தான். சமையலறைக் கழிவின் எடையில் 70 முதல் 80 சதவீதம் தண்ணீர். அதைச் சூடாக்கி ஆவியாக்கிவிட்டு, மிச்சத்தைப் பொடித்துத் தருகிறது. "100 கிலோ போட்டோம், 20 கிலோ ஆகிவிட்டது பாருங்கள்" என்பார் விற்பனையாளர். உண்மைதான், ஆனால் போனது தண்ணீர். குப்பை அப்படியே இருக்கிறது, காய்ந்து போய். உரமாக்குவது நுண்ணுயிர்களின் வேலை. குவியல் தானாகவே 55 டிகிரிக்கு மேல் சூடேறி, சில நாள் அப்படியே நின்று, பிறகு மெல்ல ஆறி முதிர வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். ஒரு நாளில் முடியும் என்று சொல்கிறவர் உரத்தைப் பற்றிப் பேசவில்லை, விற்பனையைப் பற்றிப் பேசுகிறார்.

சோதித்துப் பார்ப்பது எளிது. உங்கள் குடியிருப்புக் கழிவை உங்கள் கண்முன்னே போட்டு எடுத்த பொடியில் ஒரு பிடி வாங்குங்கள். விற்பனையாளர் பையில் கொண்டுவந்த சாம்பிள் வேண்டாம், அது வேறெங்கோ மாதக்கணக்கில் முதிர்ந்த நல்ல உரமாகவே இருக்கலாம். தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, பையில் இறுகக் கட்டி மூன்று நாள் வையுங்கள். பிரித்ததும் மண்வாசனை வந்தால் உரம். மூக்கைப் பொத்திக்கொண்டால் காய்ந்த குப்பை. இதைச் செடிக்குப் போட்டால் வேருக்கடியில் மறுபடி அழுக ஆரம்பிக்கும்.

விலையோடு செலவு முடிந்துவிடாது. மாதாமாதம் 'கல்ச்சர்' பொடி (நுண்ணுயிர் கலந்தது என்று விற்கப்படுவது), வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம், பொதுக் கணக்கில் மின்கட்டணம் என்று தொடரும். கொள்முதலில் யாருக்கு எவ்வளவு போகிறது என்று நான் கேட்கப்போவதில்லை. மூன்று நிறுவனங்களின் விலைப்புள்ளியை நீங்கள் கேளுங்கள், முகங்களைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஒரே ஒரு விலக்கு உண்டு. இதை நான் சொல்லாமல் விட்டால் விற்பனையாளர் தனக்குச் சாதகமாகச் சொல்வார், அதனால் விரிவாகவே சொல்கிறேன். வளாகத்தில் தரையிலும் மொட்டைமாடியிலும் கொஞ்சமும் இடமில்லை என்றால், கழிவின் எடையைக் குறைக்கும் உலர்த்தியாக அந்த இயந்திரத்தை வைத்துக்கொள்ளலாம். ஆனால் நிபந்தனைகள் உண்டு. வெளிவரும் பொடியை உரம் என்று எழுதி யாருக்கும் கொடுக்கக்கூடாது. அதை வாங்கிச் சருகோடு கலந்து, ஈரம் காட்டி, வாரக்கணக்கில் முதிரவைக்க ஓர் இடம் வேண்டும். அந்த இடத்துக்காரர் எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும், "பார்த்துக்கொள்கிறேன் சார்" போதாது. இயந்திரத்துக்குள் பிரிக்காத குப்பை போகவே கூடாது, பிளாஸ்டிக் ஒரு துண்டு போனாலும் பொடி முழுக்கப் பிளாஸ்டிக் தூள்தான். ஆக, இயந்திரம் வாங்கினாலும் எல்லோரும் பிரித்தே ஆக வேண்டும்! உங்கள் செயலாளர் எந்தப் பிரச்சினை தீர்ந்தது என்றாரோ, அது அப்படியே நிற்கிறது.

இனி மனிதர்கள். கோபப்படாமல் கேளுங்கள்: அந்த நோட்டீஸை இன்றே கிழித்துவிடுங்கள். அமெரிக்காவில் அரிசோனாவின் கல்மரக் காட்டுப் பூங்காவில், பார்வையாளர்கள் கல்மரத் துண்டுகளை, அதாவது கல்லாகிப்போன பழங்கால மரத் துண்டுகளை, திருடிச் செல்வது தொல்லையாக இருந்தது. ராபர்ட் சியால்டினியும் சக உளவியலாளர்களும் இரண்டு விதமான அறிவிப்புகளை வைத்துப் பார்த்தார்கள். 'பலர் எடுத்துப் போய்விட்டார்கள்' என்று புலம்பிய பலகை இருந்த பாதையில், ஆய்வாளர்கள் போட்டு வைத்த துண்டுகளில் 7.92 சதவீதம் காணாமல் போனது. 'தயவுசெய்து எடுக்காதீர்கள்' என்ற பலகை இருந்த இடத்தில் 1.67 சதவீதம்தான். 'யாரும் செய்வதில்லை' என்று நீங்கள் எழுதும்போது, செய்யாமலிருப்பதுதான் இங்கே வழக்கம் என்று படிப்பவருக்கு நீங்களே சொல்லிக் கொடுக்கிறீர்கள்.

உங்கள் கையில் இருக்கும் பலம் வேறு. கனெக்டிகட் மாநிலத்தில் 58 ஊர்களில் சூரியத் தகடு பொருத்தச் சொல்லி ஊர்க்காரர்களிடம் தன்னார்வலர்கள் பேசினார்கள். அந்தத் திட்டத்தில் தன் வீட்டிலும் தகடு பொருத்தியிருந்த தன்னார்வலர்கள், பொருத்தாதவர்களைவிட 62.8 சதவீதம் அதிகம் பேரைச் சேர்த்தார்கள் என்று 2018இல் வெளியான ஆய்வு சொல்கிறது. நீங்கள் ஏற்கெனவே செய்கிறவர். ஆனால் யாருக்கும் தெரியாமல் பால்கனியில் செய்கிறீர்கள். தொட்டியைப் பொது இடத்துக்குக் கொண்டுவாருங்கள். சங்கத்திடம் ஒரு மூலை கேளுங்கள், உரத்தைப் பொதுத்தோட்டத்துச் செடிக்குப் போடுங்கள். "நாறும், புழு வரும்" என்று பயப்படுகிறவரைத் தொட்டியருகே கூட்டிப்போய் மோந்து பார்க்கச் சொல்லுங்கள். நாறினால் ஈரம் அதிகம் என்று அர்த்தம், சருகு போடுங்கள். ஒரு பங்கு ஈரக்கழிவுக்கு இரண்டு மூன்று பங்கு சருகு, அளவில். அவ்வளவுதான் வித்தை.

அறுபது வீட்டையும் ஒரே நாளில் பிடிக்கப் போகாதீர்கள். உங்கள் தளத்தில் இரண்டு வீடு, நேரில், கதவைத் தட்டி. முதலில் ஒரு மாதம் அவர்கள் ஈரக்கழிவை உங்கள் தொட்டியில் கொட்டட்டும். அவர்கள் பழகியபின், அவர்களே அடுத்த கதவைத் தட்டட்டும். பிறகு நோட்டீஸ் ஒட்டலாம்: "இந்தத் தளத்தில் மூன்று வீடுகள் சேர்ந்துவிட்டன". உண்மையான எண்ணை மட்டும் எழுதுங்கள்.

விழிப்புணர்வு விழா நடத்தித் தருகிறோம் என்று வருகிறவர்களிடம் எச்சரிக்கை. பேனர், டி-ஷர்ட், செடியோடு புகைப்படம், பில். கென்யாவில் 1977இல் வங்காரி மாத்தாய் தொடங்கிய, மரம் நடும் பசுமைப் பட்டை இயக்கத்தில், கிராமத்துப் பெண்களுக்கு உயிர் பிழைத்த மரக்கன்றுக்குத்தான் சிறு தொகை தரப்பட்டது, நட்டதற்கு அல்ல. நீங்களும் கையெழுத்துப் போட்ட வீடுகளை விட்டுவிட்டு, மூன்றாம் மாதமும் வாளியோடு வருகிற வீடுகளை எண்ணுங்கள். 'மக்கும் பை' என்று விற்பதையும் தொட்டிக்குள் போட வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவை மக்க, பெரிய உர ஆலைகளில் தொடர்ந்து இருக்கும் சூடு வேண்டும்.

"நாம் பிரித்துக் கொடுத்தாலும் வண்டியில் ஒன்றாகத்தானே கொட்டுகிறார்கள்?" இந்தக் கேள்வி கட்டாயம் வரும், நியாயமான கேள்வியும் கூட. பிரித்துக் கொடு என்று மக்களுக்குப் பாடம் எடுக்கும் நிர்வாகம், வண்டியில் ஒரு தடுப்புப் பலகை வைக்க ஆண்டுக்கணக்கில் யோசிக்கிறது. அதிகாரிக்கு மனு எழுதுங்கள், ஆனால் பதிலுக்காகக் காத்திருக்காதீர்கள். ஈரக்கழிவு வளாகத்தை விட்டு வெளியே போகாவிட்டால் வண்டியில் கலக்க ஒன்றும் இருக்காது. கழுவிக் காயவைத்த பிளாஸ்டிக்கும் காகிதமும் வாரக்கணக்கில் வைத்தாலும் நாறாது, சேர்த்துவைத்துப் பழைய பொருள் எடுப்பவரிடம் நேரடியாகக் கொடுத்துவிடலாம்.

கூட்டத்தில் செயலாளரோடு சண்டைக்குப் போக வேண்டாம். தீர்மானத்தை மூன்று மாதம் ஒத்திவைக்கச் சொல்லுங்கள், அதுவரை ஒரு மூலையும் சருகு சேர்க்க ஒரு கூண்டும் கேளுங்கள். மறுத்தால், இயந்திரப் பொடியை மூன்று நாள் ஈரமாகக் கட்டிவைத்த பையைக் கூட்டத்துக்குக் கொண்டுபோய்ச் செயலாளரையே பிரிக்கச் சொல்லுங்கள்.