படகுச் சாமான் வாங்கப் போகிறீர்களா? பயனீட்டாளர் கேள்வி-பதில்

ஆன்லைனில் 39 ரிங்கிட்டுக்கு லைஃப் ஜாக்கெட் வாங்கினேன். உள்ளே "50" என்று போட்டிருக்கிறது. பத்து மாவுங்கிலிருந்து புலாவ் கெண்டி பக்கம் தூண்டில் போடப் போகிறோம். இது போதுமா?
– சுங்கை ஆரா வாசகர்

போதாது. அந்த 50 என்பது 50 நியூட்டன். சுமார் ஐந்து கிலோவைத் தண்ணீரில் தாங்கும் விசை. நீச்சல் தெரிந்தவர், கரையோரத்தில், உதவிக்கு ஆள் பக்கத்திலேயே இருக்கும்போது போட்டுக்கொள்ளச் செய்த உடுப்பு அது. மயங்கிக் குப்புறக் கிடப்பவரை அது மல்லாத்திப் போடாது. அதற்குக் குறைந்தது 100 வேண்டும். கரையைவிட்டு விலகிப் போகிற உங்களுக்கு 150தான் சரி.

மூன்றையும் "லைஃப் ஜாக்கெட்" என்ற ஒரே பெயரில் விற்கிறார்கள். இதைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை. பெயரை விடுங்கள், உள்பக்கச் சீட்டைப் படியுங்கள். நியூட்டன் எண், எத்தனை கிலோ எடையுள்ளவருக்கு, ஐஎஸ்ஓ 12402 என்ற தரக்குறி, இந்த மூன்றும் இருக்க வேண்டும். சீட்டே இல்லாததைக் கையால் தொடாதீர்கள். பிறகு நுரையை அழுத்திப் பாருங்கள். விட்டதும் பழையபடி எழும்ப வேண்டும். விசிலும், ஒளி பட்டால் மின்னும் பட்டையும், கால்களுக்கு இடையே மாட்டும் வாரும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்த வார் இல்லாவிட்டால் தண்ணீரில் விழுந்ததும் ஜாக்கெட் காதுவரை ஏறிக்கொள்ளும், முகம் உள்ளே போகும்.

வாங்கியதும் நீச்சல் குளத்தில் கழுத்தளவு ஆழத்தில் போட்டுப் பாருங்கள். கால்களை மடக்கிச் சாய்ந்தால் வாய் தண்ணீருக்கு மேலே நிற்க வேண்டும். படகில் அதை மெத்தையாகப் போட்டு உட்காராதீர்கள், நசுங்கிய நுரைக்கு மிதக்கும் சக்தி குறைந்துவிடும். முக்கியமாக, படகுத்துறையிலேயே போட்டுக்கொள்ளுங்கள். இருக்கைக்கு அடியில் கட்டிவைத்ததை அலையில் தத்தளித்துக்கொண்டு மாட்ட முடியாது.

மகளுக்கு ஆறு வயது. இரண்டு வருடமாவது வரட்டுமே என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்கலாமா?
– ஆயர் ஈத்தாம்

கூடாது. போட்டுவிட்டு, ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்குங்கள். ஜாக்கெட் மட்டும் முகத்துக்கு ஏறினால், கடலிலும் அதுதான் நடக்கும்.

தானாகக் காற்றடைத்துக்கொள்ளும் ஜாக்கெட், 380 ரிங்கிட். புதியது என்றுதான் கடையில் கொடுத்தார்கள். வீட்டில் பிரித்தால் சிலிண்டரின் வாயில் ஓட்டை. கடைக்காரர் திருப்பி எடுக்க மறுக்கிறார்.
– பட்டர்வொர்த்

உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. ஓட்டை என்றால் ஜாக்கெட்டை உப்பவைக்கும் வாயு ஏற்கெனவே வெளியேறிவிட்டது. பயன்படுத்திய சாமானைப் புதியதென்று தலையில் கட்டியிருக்கிறார்கள். உயிர் காக்கிற பொருளில் இப்படிச் செய்வதை மன்னிக்கவே முடியாது. ரசீதையும் சிலிண்டரின் படத்தையும் வைத்துக்கொண்டு, பணத்தைத் திருப்பித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்துக்குப் போங்கள். மனுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் வேண்டாம், 50,000 ரிங்கிட் வரை கோரலாம். மூன்று வருடத்துக்குள் மனு கொடுக்க வேண்டும்.

மற்ற வாசகர்கள், வாங்கும்போது கடையிலேயே சிலிண்டரைத் திருகிக் கழற்றிப் பாருங்கள். வாயை மூடிய தகடு முழுதாக இருக்க வேண்டும். 150 நியூட்டன் ஜாக்கெட்டில் வழக்கமாக 33 கிராம் வாயு இருக்கும். சிலிண்டரில் பொறித்த மொத்த எடையை வீட்டுத் தராசில் ஒப்பிடுங்கள். இரண்டு கிராமுக்கு மேல் குறைந்தால் மாற்றுங்கள். தண்ணீர் பட்டதும் கரைந்து, சிலிண்டரைத் துளைக்கும் ஊசியை விடுவிக்கும் சிறு வில்லை ஒன்று உண்டு, அதன் தயாரிப்புத் தேதியிலிருந்து மூன்று வருடம்தான் கணக்கு. நம் ஊர் ஈரக்காற்றில் அடைத்த பெட்டியில் வைத்தால் அது தானே கரைந்து, அலமாரியிலேயே ஜாக்கெட் உப்பிவிடும். ஆபத்தில் கொளுத்திக் காட்டும் ஃபிளேருக்கும் தேதி உண்டு. தேதி பாராமல் மூன்று வாங்கி, காலாவதியானதை வீட்டுக்கு வந்தபிறகு கண்டுபிடித்தவன் நான்.

முகநூலில் பார்த்து 6,500 ரிங்கிட்டுக்குப் பழைய படகும் எஞ்சினும் வாங்கினேன். பத்திரம் எதுவும் தரவில்லை. முதல் நாளே ஜெரெஜாக் தீவுப் பக்கம் எஞ்சின் நின்றுவிட்டது. யாரிடம் புகார் செய்வது?
– ஜெலுத்தோங்

பத்திரம் இல்லாத படகுக்கு ஏன் பணம் கொடுத்தீர்கள்? தனி ஆள் இன்னொரு தனி ஆளுக்கு விற்றது, தீர்ப்பாயம் எடுக்காது. உரிமப் பத்திரத்தையும் எஞ்சின் எண்ணையும் முதலில் ஒத்துப் பார்த்திருக்க வேண்டும். எஞ்சினைக் கால் மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லியிருக்க வேண்டும். எஞ்சினைக் குளிரவைக்கும் தண்ணீர் பக்கத்துத் துவாரத்தில் சீராகப் பீய்ச்சாவிட்டால், தண்ணீர் இழுக்கும் பம்பின் ரப்பர் இறக்கை தேய்ந்திருக்கும். கியர் எண்ணெய் பால் நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. பெட்ரோல் குழாயில் வெடிப்பிருந்தால் காற்றை இழுத்து எஞ்சின் நின்றுவிடும். உங்களுக்கு நடந்ததும் இவற்றில் ஒன்றாக இருக்கலாம். அடுத்த முறை நங்கூரமும், ஆழத்தைப் போல ஐந்து மடங்கு கயிறும் இல்லாமல் படகுத்துறையை விட்டுக் கிளம்பாதீர்கள்.

மகன் சிட்னியில் இருக்கிறான். அங்கே தொண்டர்கள் கடலில் மீட்புப் பணி செய்கிறார்கள் என்கிறான். இங்கே யாரைக் கூப்பிடுவது? வானொலிக் கருவி வாங்க வேண்டுமா?
– தஞ்சோங் தோக்கோங்

மகன் சொல்வது மெரின் ரெஸ்க்யூ நியூ சவுத் வேல்ஸ். மூன்று தொண்டர் அமைப்புகளை இணைத்து 2009-இல் உருவானது. அங்கே கிளம்பும்போதே எத்தனை பேர், எங்கே, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வானொலியிலோ செயலியிலோ பதிவு செய்கிறார்கள். சொன்ன நேரத்துக்குத் திரும்பாவிட்டால் தேடத் தொடங்குகிறார்கள். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 1824 முதல் இயங்கும் ஆர்என்எல்ஐ என்ற அறக்கட்டளையின் உயிர்காப்புப் படகுகளை ஓட்டுபவர்களும் பெரும்பாலும் தொண்டர்களே.

நம் நாட்டில் கடலில் தேடி மீட்கும் பொறுப்பு மலேசியக் கடல்சார் அமலாக்க நிறுவனத்துடையது. 999 அழைத்தால் போதும். ஆனால் பல நேரங்களில் முதலில் வந்து கயிறு வீசுபவர் பக்கத்தில் வலை போட்டிருக்கும் மீனவர்தான். கூலி பேசாமல் கட்டி இழுத்து வருகிற அந்த மனிதருக்குப் பெட்ரோல் காசையாவது கையில் கொடுங்கள்.

சிட்னியில் கேட்கிற அதே விவரங்களை நீங்களும் ஒரு தாளில் எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். படகின் நிறம், பதிவு எண், எத்தனை மணிவரை வராவிட்டால் 999 அழைப்பது, இவையும் அதில் இருக்கட்டும். வானொலி அவசியம் வாங்குங்கள். நீர் புகாத, மிதக்கிற, 5 வாட் கடல்சார் விஎச்எஃப் கருவியாக, சிரிம் தர முத்திரையோடு. உரிமத்தையும் விசாரித்துக்கொள்ளுங்கள். ஆபத்தில் 16-ஆம் அலைவரிசையில் "மேடே" என்று மூன்று முறை, படகின் பெயர், இருக்கும் இடம், என்ன ஆபத்து, எத்தனை பேர், இந்த வரிசையில் சொல்லுங்கள். சின்னப் படகில் உட்கார்ந்தபடி பேசினால் இன்னொரு சின்னப் படகுக்குச் சில கிலோமீட்டர்தான் எட்டும்.

பத்து ரிங்கிட் பிளாஸ்டிக் பையில் கைப்பேசியைப் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டால் வானொலி வேண்டாமே?
– பிறை

பைக்குள் ஒரு துண்டு டிஷ்யூவை வைத்து மூடி அரை மணி நேரம் வாளியில் முக்குங்கள். நனையாமல் இருந்தால், அடுத்து ஈர விரலால் அந்தப் பைக்குள்ளிருக்கும் கைப்பேசியில் 999 அழுத்திப் பாருங்கள், அழைக்க வேண்டாம். முடிந்ததா என்று எனக்கு எழுதுங்கள்.