ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் மரைக்கு டெஃப்லான் டேப் சுற்றிப் புது ஆயில் பிரஷர் ஸ்விட்ச் மாட்டியும் பி0848 கோடு (அந்த ஸ்விட்சின் சர்க்யூட்டில் கோளாறு என்று கார் காட்டும் எண்) திரும்ப வருகிறதா?

கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டாம். ஸ்விட்சைக் கழற்றி, மரையில் நீங்கள் சுற்றிய டெஃப்லான் டேப்பை முழுக்க எடுத்துவிடுங்கள். ஒற்றை ஒயர் ஸ்விட்சுக்கு அதன் உடம்புதான் எர்த் (மின்சாரம் திரும்பும் வழி). டேப் அந்தத் தொடர்பைக் கெடுத்தால், அழுத்தம் ஏறி ஸ்விட்ச் மூடினாலும் காரின் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. ஆயில் கசியாமல் தடுப்பது வாஷரின் வேலை. அதைப் புதிதாகப் போடுங்கள்.

மாட்டியபின், இன்ஜின் ஓடாதபோது, மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து ஸ்விட்சின் உடம்புக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையே பாருங்கள். கிட்டத்தட்ட 0 காட்ட வேண்டும். காட்டியும் கோடு வந்தால் கனெக்டர், ஒயர் பக்கம் போங்கள்.

ஆயில் நன்றாக ஆறிய பிறகே கை வையுங்கள். அலுமினியத்தில் மரை சட்டென்று போய்விடும். மேனுவல் சொல்லும் டார்க்கோடு (முறுக்கும் அளவு) நிறுத்துங்கள், ப்ளீஸ். இரண்டு ஒயர் ஸ்விட்ச் என்றால் இந்தச் சோதனை பொருந்தாது.