அடிக்கடி ஃபர்ம்வேர் அப்டேட் வர்ற மியூசிக் கருவிகளுக்கு யூசர் மேனுவலை பழசாகாம எப்படி பாத்துக்கறது?

நீங்க கேட்டிருக்கறது: சின்ன கம்பெனியில க்ரூவ்பாக்ஸுக்கு (தாளம், சவுண்ட் எல்லாத்தையும் ஒரே பெட்டியில உருவாக்கற கருவி) மேனுவல் எழுதறீங்க, ஆறு வாரத்துக்கு ஒரு ஃபர்ம்வேர் (கருவிக்குள்ள ஓடற சாஃப்ட்வேர்) வருது, பிடிஎஃப்பை முடிச்சு சைட்ல ஏத்தறதுக்குள்ள அடுத்த வெர்ஷன் வந்து நிக்குது, என்ன பண்றதுன்னு. நானும் பல வருஷமா இதே வேலைதான், சின்த், சீக்வென்சர், எஃபெக்ட் பெடல்னு எல்லாத்துக்கும் எழுதியாச்சு, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுத்துக்கோங்க.

புது ஃபீச்சர் வந்தா அதை எழுதறதுதான் பெரிய வேலைன்னு எல்லாரும் நினைக்கறாங்க. ஆனா புது ஃபீச்சர் எப்படியும் மேனுவலுக்குள்ள வந்துடும், அதுக்கு வீடியோ போடுவாங்க, நாலு பேர் பேசுவாங்க, யாராவது ஒருத்தர் வந்து இது மேனுவல்ல எந்தப் பக்கம்னு கேட்டுடுவாங்க. மேனுவலை சத்தமில்லாம கெடுக்கறது பழைய ஃபீச்சர்ல நடக்கற குட்டி குட்டி மாற்றம்தான். நேத்து வரைக்கும் உண்மையா இருந்த ஒரு வரி இன்னைக்கு பொய்யாயிருக்கும், ஆனா பக்கத்துல பாத்தா அதே மாதிரி அழகா இருக்கும், யாருக்கும் சந்தேகமே வராது.

எனக்கு இது புரிஞ்சது ஒரு மெயில்னால. நான் மேனுவல் எழுதின ஒரு சீக்வென்சர்ல (நோட்டுகளை வரிசையா போட்டு வச்சா தானா வாசிக்கற கருவி) ஃபங்ஷன் பட்டனை பிடிச்சுக்கிட்டு ஸ்டாப் அழுத்தினா பேட்டர்ன், அதாவது அந்த நோட் வரிசை, சேவ் ஆகும். ஒரு அப்டேட்ல அதை மாத்திட்டாங்க, அதே ரெண்டு பட்டனை அழுத்தினா இப்போ கடைசியா சேவ் பண்ணின பேட்டர்னுக்கு திரும்பிப் போகும், சேவ் வேற பட்டனுக்கு போயிடுச்சு. ரிலீஸ் நோட்ல இருந்தது ஒரே ஒரு வரி, ஷார்ட்கட்கள் சீராக்கப்பட்டுள்ளன, அவ்வளவுதான். நான் பேட்டர்ன் சேப்டர்ல மாத்தினேன், கடைசியில இருக்கற ஷார்ட்கட் டேபிள்ல மாத்தினேன், ஆனா லைவ்ல வாசிக்கறது பத்தின சேப்டர்ல நடுவுல ஒரு பாராவுல அதே ஷார்ட்கட் மூணாவது தடவை இருந்துச்சு, அது என் கண்ணுக்கு படவே இல்ல. ஒரு கீபோர்டு ப்ளேயர் எழுதியிருந்தார், சவுண்ட் செக்ல ஒரு மணி நேரம் உக்காந்து பேட்டர்னை எல்லாம் சரி பண்ணிட்டு மேனுவல்ல பாத்து அந்த ரெண்டு பட்டனை அழுத்தியிருக்கார், எல்லாம் போச்சு, மேடை ஏற இருபது நிமிஷம் இருக்கு. மேனுவலே இல்லாம இருந்திருந்தா அவர் மெனுவுக்குள்ள போய் சேவ்னு போட்டிருக்கறதை தேடி அழுத்தியிருப்பார், வேலை காப்பாத்தப்பட்டிருக்கும். அந்த மெயில்ல அவர் கோவமா ஒரு வார்த்தை கூட எழுதல, அதுதான் எனக்கு ரொம்ப வலிச்சுது.

அதுக்கப்புறம்தான் ஒரு விஷயம் மேனுவல்ல ஒரே ஒரு இடத்துலதான் இருக்கணும்னு முடிவு பண்ணினேன். ஷார்ட்கட் எல்லாம் தனியா ஒரு ஃபைல்ல இருக்கும், ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேர், எந்த சேப்டர்ல வேணுமோ அங்க அந்த பேரை மட்டும் போடுவேன், பிடிஎஃப் உருவாக்கும்போது அது தானா வந்து உக்காந்துக்கும், ஃபைல்ல ஒரு தடவை மாத்தினா பத்து இடத்துல மாறிடும். மார்க்டவுனோ ஆஸ்கிடாக்கோ டிட்டாவோ, எழுதற ஃபார்மட் எதுல வேணாலும் இதை பண்ணலாம், டூல் பத்தி சண்டை போடற நேரத்துல முதல்ல வேர்ட் ஃபைல்ல இருந்து வெளிய வாங்க, கிட்டுக்குள்ள (ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவு பண்ணி வைக்கற டூல்) போங்க, முடிஞ்சா ஃபர்ம்வேர் கோட் இருக்கற அதே ரெப்போலயே (கிட்ல கோடை சேத்து வைக்கற இடம்) ஒரு ஃபோல்டர் கேளுங்க. சின்த்ஸ்ட்ராம் கம்பெனியோட டெலூஜ் க்ரூவ்பாக்ஸ் ஃபர்ம்வேர் 2023ல ஓப்பன் சோர்ஸ் ஆனப்புறம் கம்யூனிட்டி ஃபர்ம்வேர் எழுதறவங்க இப்படித்தான் பண்றாங்க, ஃபீச்சரை விளக்கற பக்கம் கோடோட கூடவே இருக்கு, கோடை மாத்தற ஆளே கையோட கையா அந்தப் பக்கத்தையும் மாத்தி ஒரே புல் ரிக்வெஸ்டா (இந்த மாற்றத்தை சேத்துக்கோங்கன்னு கேக்கறது) அனுப்ப முடியுது.

ரெண்டாவது மிடி சார்ட், அதாவது கருவிகள் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கற மிடி மொழியில எந்த நம்பர் என்ன பண்ணும்னு காட்டற டேபிள். இதை கையால எழுதாதீங்க, எந்த காரணத்துக்காகவும் எழுதாதீங்க. ஒரு உதாரணம் சொல்றேன். ஒரு டிலே எஃபெக்ட்ல டைம் செட்டிங் எட்டு, 1/32, 1/16, 1/8, 1/4, 1/2, அப்புறம் ஒரு பார், ரெண்டு பார், நாலு பார். மிடி சிசியில (ஒரு செட்டிங்கை வெளியில இருந்து மாத்த அனுப்பற மெசேஜ்) 0ல இருந்து 127 வரைக்கும் மொத்தம் 128 வேல்யூ, எட்டா பிரிச்சா ஒவ்வொண்ணுக்கும் 16, அப்போ 64 அனுப்பினா அஞ்சாவது, அதாவது 1/2. இப்போ டெவலப்பர் எல்லாரும் கேட்டாங்கன்னு நல்ல எண்ணத்துல 1/8க்கு பக்கத்துல ஒரு டாட்டட் 1/8 சேத்தார், லிஸ்ட் ஒன்பது ஆயிடுச்சு, அதே 64 அனுப்பினா இப்பவும் அஞ்சாவதுதான் வருது ஆனா அஞ்சாவதா இருக்கறது 1/4. ஒருத்தர் ஆறு மாசம் முன்னாடி டிஏடபிள்யூல (கம்ப்யூட்டர்ல பாட்டு ரெக்கார்ட் பண்ற சாஃப்ட்வேர்) போட்டு வச்ச ஆட்டோமேஷன்ல டிலே பாதியா சுருங்கிடும், பாட்டோட ஃபீலே மாறிடும், அவர் கேபிளை மாத்திப் பாப்பார், ப்ராஜெக்ட் கரப்ட் ஆயிடுச்சோன்னு பயப்படுவார், ஃபர்ம்வேர் மேல சந்தேகமே வராது ஏன்னா சேஞ்ச்லாக்ல புதுசா டாட்டட் 1/8 சேர்க்கப்பட்டதுன்னு சந்தோஷமான செய்தியாதானே போட்டிருக்கோம். மேனுவல்ல இருக்கற டேபிள் ஃபர்ம்வேர் கோடுல இருக்கற அதே லிஸ்ட்ல இருந்து ஸ்க்ரிப்ட் மூலமா வந்தா, போன வெர்ஷன் டேபிளையும் இந்த வெர்ஷன் டேபிளையும் பக்கத்துல வச்சு டிஃப் எடுத்தா (வித்தியாசத்தை மட்டும் காட்டச் சொன்னா) இது உடனே கண்ணுல குத்தும். நான் இப்படி பிடிச்ச மூணு நாலு கேஸ்ல டெவலப்பரே புது ஆப்ஷனை லிஸ்ட்டோட கடைசிக்கு தள்ளி, வேல்யூ பிரிக்கற விதத்தையும் பழைய நம்பர் நகராத மாதிரி மாத்திட்டார், அதாவது மேனுவல் வேலை ஃபர்ம்வேரையே காப்பாத்துச்சு. இதே மாதிரி ப்ரோக்ராம் சேஞ்ச் நம்பர் (எந்த சவுண்டுக்கு மாறணும்னு கருவிக்கு சொல்றது), கேபிள்ல போறது 0 முதல் 127, ஸ்க்ரீன்ல சில கருவி 1 முதல் 128ன்னு காட்டும், அதை ஒரு அப்டேட்ல மாத்தினா அதுக்கு மேனுவல்ல தனி பாராவே எழுதுங்க, ஒரு வரி பத்தாது.

ஸ்க்ரீன் படங்கள். கேமராவுல எடுத்தா ஒவ்வொரு வெர்ஷனுக்கும் திரும்ப எடுக்கணும், எடுக்க மாட்டீங்க, நானும் எடுத்ததில்ல, அதான் உண்மை. டெவலப்பர்கிட்ட ஒரு ஒளிஞ்ச சிஸெக்ஸ் கமாண்ட் (அந்தக் கம்பெனி கருவிக்குன்னே இருக்கற மிடி மெசேஜ்) கேளுங்க, ஸ்க்ரீன்ல இருக்கறதை அப்படியே கம்ப்யூட்டருக்கு அனுப்பற மாதிரி. 128க்கு 64 புள்ளி இருக்கற சின்ன ஓலெட் ஸ்க்ரீன்னா மொத்தமே 1,024 பைட்டுதான், சிஸெக்ஸ்ல ஏழு பிட்டா பிரிச்சு அனுப்பினாலும் ஏறக்குறைய 1,171 பைட், கண் மூடி திறக்கறதுக்குள்ள வந்துடும். பட்டன் அழுத்தறதையும் மிடி வழியா அனுப்ப முடிஞ்சா ஒரு ஸ்க்ரிப்ட் எழுதி விட்டுட்டா நைட்டோட நைட்டா எல்லா படமும் புதுசா எடுத்து வச்சிருக்கும். இதுல இன்னொரு லாபம், படம் மாறின இடமெல்லாம் கிட் காட்டிக் கொடுத்துடும், யாரும் சொல்லாம மாத்தின மெனு பேர் கூட தப்பாது.

இப்போ பாக்ஸுக்குள்ள வைக்கற புக்லெட். அந்தக் காலத்துல 1983ல வந்த யமஹா டிஎக்ஸ்7 மாதிரி கருவியில ஃபர்ம்வேர் ரோம் சிப்புல இருக்கும், மாத்தணும்னா மூடியை கழட்டி சிப்பை மாத்தணும், அதனால அச்சடிச்ச மேனுவலும் கருவியும் சேந்தே வயசாச்சு. இப்போ அப்படி இல்ல, 2019ல வந்த ஆர்டூரியா மைக்ரோஃப்ரீக் சின்த்தை பாருங்க, வாங்கினப்போ இல்லாத சாம்பிள், கிரானுலார் எஞ்சின் எல்லாம் பின்னாடி வந்த 5.0 ஃபர்ம்வேர்ல வந்துச்சு, எலெக்ட்ரான் டிஜிடாக்ட் 2017ல வந்தப்போ அதுல சாங் மோட் கிடையாது, சில வருஷம் கழிச்சு அப்டேட்லதான் கிடைச்சுது. அச்சடிச்சா இதுக்கெல்லாம் ஈடு கொடுக்க முடியாது. அதனால பேப்பர்ல மாறவே முடியாத விஷயத்தை மட்டும் போடுங்க: பவர் அடாப்டர் வோல்டேஜ், எந்த ஜாக் எதுக்கு, பேனல்ல இருக்கற பட்டன் பேர், வெர்ஷன் நம்பரை எங்க பாக்கறது, அப்டேட் எப்படி போடறது, ஃபேக்டரி ரீசெட் எப்படி. மத்ததுக்கு ஒரு க்யூஆர் கோடு, அது உங்க சொந்த டொமைன்ல இருக்கற எப்பவும் மாறாத லிங்கா இருக்கணும், பத்து வருஷம் கழிச்சு செகண்ட் ஹேண்டுல வாங்கறவரும் அதைத்தான் ஸ்கேன் பண்ணுவார்.

பழைய பிடிஎஃப்பை சைட்ல இருந்து தூக்காதீங்க, இதை ரொம்ப கெஞ்சிக் கேட்டுக்கறேன். எல்லாரும் அப்டேட் போடுவாங்கன்னு நாம நினைச்சுக்கறோம், ஆனா டூர்ல இருக்கறவங்க போட மாட்டாங்க, நல்லா ஓடிட்டு இருக்கற செட்டை தொட அவங்களுக்கு பயம், அந்த பயம் நியாயமானது. சில கருவிக்கு இன்னும் மிடி கேபிள் வழியாத்தான் அப்டேட், செகண்டுக்கு 31,250 பிட், 512 கிலோபைட் ஃபைல் போக ஏறக்குறைய மூணு நிமிஷம் ஆகும், நடுவுல கரண்ட் போனா என்ன ஆகும்னு யோசிச்சே பாதி பேர் விட்டுடறாங்க. அவங்க கையில இருக்கற 1.3 வெர்ஷனுக்கு 1.3 மேனுவல் கிடைக்கணும். முதல் பக்கத்துல இந்த மேனுவல் எந்த வெர்ஷனுக்குன்னு பெருசா போடுங்க, கூடவே ஒவ்வொரு பக்கத்தோட அடியிலயும் போடுங்க, ஏன்னா ஜனங்க கூகுள்ல தேடி நேரா 80ஆம் பக்கத்துலதான் வந்து விழறாங்க, முதல் பக்கத்தை யாரும் பாக்கறதில்ல. ஆனா வரிக்கு வரி, 1.4ல இப்படி 1.5ல அப்படின்னு எழுதாதீங்க, அது படிக்கறவங்க தலையில பாரத்தை தூக்கி வைக்கற வேலை. அந்த வித்தியாசம் எல்லாம் கடைசியில ஒரு தனி சேப்டர்ல, ரெண்டு தலைப்புல: புதுசா வந்தது, முன்னாடி வேற மாதிரி இருந்து இப்போ மாறினது. ரெண்டாவது தலைப்புதான் முக்கியம், அதை மேல வைங்க.

யமஹா மாதிரி பெரிய கம்பெனிங்க சில கருவிக்கு அப்டேட்டோட ஒரு சப்ளிமெண்ட் மேனுவல் தனியா போடறாங்க, அது அவசரத்துக்கு சரிதான், ஆனா அஞ்சு சப்ளிமெண்ட் சேந்துட்டா படிக்கறவர் ஆறு பிடிஎஃப்பை திறந்து வச்சு உக்காரணும். நான் சப்ளிமெண்ட் போடுவேன், அடுத்த வெர்ஷனுக்குள்ள அதை மெயின் மேனுவல்ல கரைச்சுடுவேன், ரெண்டு சேர விட்டதில்ல. மொழிபெயர்ப்பு இருந்தா இது இன்னும் இழுக்கும், இங்கிலீஷ் வெர்ஷன் 1.5ல இருக்கும்போது மத்த மொழி 1.4லயே நிக்கும், நிக்கட்டும், ஆனா அந்த பிடிஎஃப்ல 1.4ன்னு போட்டிருக்கணும், கூடவே அந்த மாறினவை லிஸ்ட்டை மட்டுமாவது முதல்ல மொழிபெயர்த்து கொடுத்துடுங்க.

கடைசியா ஆபீஸ்ல நீங்க போராடி வாங்க வேண்டியது ஒண்ணு இருக்கு. மேனுவல் மாற்றம் சேராம பில்ட் (வெளியிடத் தயாரான ஃபர்ம்வேர்) வெளிய போகக்கூடாது. ரிலீஸ் ஆனப்புறம் எழுதிக்கலாம்னு விட்டா தும்பை விட்டு வாலைப் பிடிக்கற கதைதான், நீங்க எப்பவும் ஒரு வெர்ஷன் பின்னாடியே ஓடிட்டு இருப்பீங்க. எங்க டீம்ல ஒவ்வொரு புல் ரிக்வெஸ்ட்லயும் ஒரு கேள்வி வச்சோம், இதுக்கு முன்னாடி ஒருத்தர் பழகி வச்சிருந்த ஏதாவது இதுனால மாறுதா? ஆமா இல்ல, ரெண்டுல ஒண்ணு போட்டே ஆகணும். மேனுவல் அப்டேட் தேவையான்னு கேட்டப்போ எல்லாரும் இல்லன்னுதான் போட்டாங்க, கேள்வியை இப்படி மாத்தினப்புறம் டெவலப்பர்ஸே யோசிக்க ஆரம்பிச்சாங்க, ஒருத்தர் ஆமான்னு போட்டுட்டு அவரே அந்த பாராவை எழுதியும் அனுப்பினார்.

அப்புறம் என் டேபிள்ல எப்பவும் ரெண்டு யூனிட் இருக்கும், ஒண்ணுல இப்போ வெளியில இருக்கற ஃபர்ம்வேர், ஒண்ணுல பீட்டா, ரெண்டுக்கும் மேல டேப் ஒட்டி வெர்ஷன் நம்பர் எழுதியிருப்பேன். ரிலீஸுக்கு முந்தின நாள் பீட்டா யூனிட்டை ஃபேக்டரி ரீசெட் பண்ணிட்டு லைவ் சேப்டரை மட்டும் முதல் வரியில இருந்து கடைசி வரி வரைக்கும் கையில பட்டனை அழுத்திக்கிட்டே படிப்பேன், நாப்பது நிமிஷம் ஆகும், நேரம் இல்லாத நாள்ல மத்த எந்த சேப்டரை விட்டாலும் அதை விடறதில்ல.