கியாரண்டி யாருக்கு?

கேள்வி: மேடம், நானும் என் மச்சானும் ஸ்டேஜ் லைட்டு, சவுண்டு வாடகைக்கு விடுறோம், கூடவே 150 சீட்டு உள்ள சின்ன நாடக ஹால் ஒண்ணும் நடத்துறோம். கொரோனால எல்லாம் மூடுனப்ப அரசு கியாரண்டி உள்ள லோன் எடுத்தோம். தவணைக்குக் குடுத்த அவகாசம் முடிஞ்சுபோச்சு. ஒரு மாசம் நிகழ்ச்சி நெறைய வருது, அடுத்த ரெண்டு மாசம் ஒண்ணுமே இல்ல, தவணை இழுக்குது. மச்சான் “அரசாங்கம்தான கியாரண்டி, நாம கட்டலன்னா அவங்க கட்டிப்பாங்க”ங்கிறார். நெசமாவா?

பதில்: இல்ல தம்பி. இதே நெனப்புல பலபேர் மாட்டிக்கிட்டதால கொஞ்சம் நீட்டியே சொல்றேன்.

அந்த கியாரண்டி பேங்குக்குக் குடுத்தது. நஷ்டத்துல இருக்குற தொழிலுக்குக் கடன் குடுக்க பேங்க் பயந்துச்சு, பணம் வரலன்னா நாங்க ஈடு கட்டுறோம்னு அரசாங்கம் பேங்குக்கு தைரியம் சொல்லுச்சு, அவ்வளவுதான். இந்தியாவுல 2020 மே மாசம் வந்த இசிஎல்ஜிஎஸ்ங்கிற அவசரக் கடன் கியாரண்டி திட்டத்துல 100% கியாரண்டி இருந்துச்சு, ஆனா பேங்க் அந்த ஈட்டை வாங்கின பிறகும் கடன் வாங்கினவர்கிட்ட வசூல் பண்றத நிறுத்தக் கூடாது, வசூலாகுறத கியாரண்டி குடுத்த அரசு டிரஸ்டுக்குத் திருப்பிக் கட்டணும். அதாவது உங்க கடன் அப்படியே உங்க தலைமேலதான் நிக்கும். இன்னொண்ணு, புதுசா அடமானம் வேண்டாம்னு சொன்ன திட்டத்துலயும் ஏற்கனவே பேங்க்ல இருக்குற சொத்துமேல ரெண்டாவது உரிமை, அதாவது பழைய கடனுக்கு எடுத்தது போக மிச்சத்துல இந்தக் கடனையும் பிடிச்சுக்குற உரிமை, எழுதி வாங்கியிருக்கலாம். அமெரிக்காவோட கொரோனா பேரிடர் கடன்ல 2 லட்சம் டாலர் தாண்டுனா ஓனரோட சொந்த ஜாமீன் கட்டாயமா இருந்துச்சு. அதனால மொதல்ல வீட்ல தேடி அந்த லோன் பேப்பர எடுத்து, யார் யார் என்னன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்கன்னு வரி வரியா படிங்க.

அவகாசம்னா வட்டியும் நின்னுடுச்சுன்னு நெனச்சிருந்தா அதையும் பாத்துக்கோங்க. அதே அமெரிக்கக் கடன்ல 30 மாசம் தவணை கிடையாது, ஆனா 3.75% வட்டி ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு. 1 லட்சத்துக்கு சாதா வட்டியா போட்டாலே 9,375 ஆச்சு.

இதெல்லாம் பயமுறுத்த சொல்லல, பேங்க்ல போய்ப் பேசுறதுக்கு உங்ககிட்ட நல்ல நியாயம் ஒண்ணு இருக்கு, அத சொல்லத்தான் வந்தேன். துணிக்கடைய மூடி வச்சா சரக்காவது உள்ள கெடக்கும், பின்னாடி வித்துக்கலாம். நாடகத்துல அன்னிக்கு சாயங்காலம் காலியா போன சீட்டு போனதுதான். இப்ப கூட்டம் எவ்வளவு வந்தாலும் 150 சீட்ல 300 பேர உக்கார வைக்க முடியாது, விட்டத மொத்தமா பிடிக்க வழியே கிடையாது, கொஞ்சம் கொஞ்சமாத்தான் மிச்சம் பிடிக்கணும். அதனாலதான் இந்தத் தொழிலுக்குக் கடன்னா நீண்ட காலம் வேணும். இங்கிலாந்துல 2020ல 157 கோடி பவுண்டு கலாசார மீட்பு நிதி அறிவிச்சப்ப, அதுல கடனா குடுத்த பகுதிக்கு 20 வருஷம் வரைக்கும் காலம், 2% வட்டி, ஆரம்பத்துல 4 வருஷம் வரைக்கும் தவணை விடுமுறை. கனடாவுல ரொம்ப அடிபட்ட தொழில்களுக்கு 4% வட்டியில 10 வருஷம் வரைக்கும் குடுத்தாங்க. அமெரிக்கா மூடின அரங்குகளுக்குன்னு 1,600 கோடி டாலர் ஒதுக்குச்சு, அது கடனே கிடையாது, மானியம். என்னக் கேட்டா அதுதான் சரி, சின்ன ஹாலுக்கெல்லாம் கடன்ங்கிறது அரைகுறை உதவிதான்.

இப்ப நீங்க பண்ண வேண்டியது, அடுத்த தவணை தேதிக்கு முன்னாடியே மேனேஜரப் போய்ப் பாக்கணும், தவறுன பிறகு போனா பேச்சோட தொனியே மாறிடும். இந்தியாவுல 90 நாள் தாண்டிட்டா வாராக்கடன் கணக்குல போயிடும், அப்புறம் வேற எங்கயும் கடன் கேக்குறது கஷ்டம். போகும்போது போன ரெண்டு வருஷத்துல எந்த மாசம் எத்தன நிகழ்ச்சி, எவ்வளவு வந்துச்சுன்னு ஒரு தாள்ல எழுதி எடுத்துட்டுப் போங்க, கூடவே இனிமே புக் ஆகியிருக்குற தேதிகளும். சீசன்ல அதிகமா, மத்த மாசம் வட்டி மட்டும்னு தவணைய மாத்தித் தர முடியுமான்னு கேளுங்க, இல்லன்னா காலத்த நீட்டச் சொல்லுங்க. நீட்டுனா மொத்த வட்டி கூடும், தெரிஞ்சே ஒத்துக்கோங்க.

ஒரே ஒரு தப்ப மட்டும் பண்ணிடாதீங்க. நிகழ்ச்சிக்கு வாங்குன அட்வான்ஸ எடுத்து தவணை கட்டாதீங்க. நிகழ்ச்சி நடந்து முடியுற வரைக்கும் அது உங்க காசு இல்ல, ரத்தாச்சுன்னா திருப்பிக் குடுக்கணும், அப்ப பேங்க் கடனோட கை கடனும் சேந்துக்கும். தனி அக்கவுண்ட்ல போட்டு வைங்க.

மச்சானையும் கூட்டிட்டுப் போங்க. பார்ட்னர்னா அவர் கையெழுத்தும் அந்தப் பேப்பர்ல இருக்கும்.